சோலைமலை பதினான்கு தடவை காலமானது பற்றி

ஹட்டன்,
2009 ஆகஸ்ட் 19, புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய பிரதம ஆசிரியர் துரைராசா ஐயா அவர்களுக்கு,

ஹட்டன் பிரதேச நிருபர் பத்திநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவி மார்கிரட்டும் சுகம். மழைதான் மூன்று நாளாக ஓய்வில்லாமல் வேலை செய்கிறது. தாங்களும், காரியாலயத்திலுள்ள அனைவரும், லிப்ட் பழுதான நாளிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கும் தங்கள் முழங்கால்களும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன்.

தங்களின் 13ஆந் திகதிக் கடிதம் கிடைத்தது. அதில் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கிளென்லோரன் தோட்டத்துச் சோலைமலை என்பவர் ஆகஸ்ட் 11ஆந் திகதி ஒரே நாளில் பதினான்கு தடவை காலமானதாக நம் பத்திரிகையின் பெயரில் செய்தி போனது எப்படி. அதற்கு யார் பொறுப்பு. கைத்தொலைபேசி மரண அறிவித்தல் சேவையை இம்மாதம் 31ஆந் திகதியுடன் ஏன் நிறுத்திவிடக்கூடாது. முதற் கேள்விக்குப் பதில் நீளமானது. இரண்டாவதற்குப் பதில் சுருக்கமானது: நான். மூன்றாவதற்கு, தயவுசெய்து நிறுத்தாதீர்கள் என்று கேட்பதற்காகவே இத்தனை தாள்களையும் எழுதுகிறேன். பதினேழு தோட்டங்களின் சனங்கள் இதை நம்பியிருக்கிறார்கள். ஐயா அவர்கள் தேநீரை அருகில் வைத்துக்கொண்டு பொறுமையாக வாசிக்கவேண்டும்.

முதலில் இந்தச் சேவை ஏன் தொடங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்திநான்கு வருடங்களாக மலையகத்திலிருந்து தங்களுக்கு மரணச் செய்திகள் அனுப்பி வருகிறேன். காலையில் ஒருவர் கண்மூடினால் நான் அன்று மாலை எழுதி அனுப்ப, மறுநாள் அச்சாகி, அதற்கடுத்த நாள் கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலை செய்யும் மகனோ மகளோ அதைப் பார்ப்பார்கள். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை செத்தவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்ததா இல்லையா என்பது சின்ன விஷயமல்ல. பார்க்காமல் விட்ட பிள்ளைகள் சிலர் பத்து வருடம் கழித்தும் என்னை ஹட்டன் பஸ் நிலையத்தில் நிறுத்தி, பேப்பர் ஐயா, நீங்க ஒருநாள் முந்திப் போட்டிருக்கக்கூடாதா என்று கேட்டதுண்டு. அச்சு இயந்திரம் என் கையில் இல்லை என்று அவர்களிடம் விளக்கிப் பயனில்லை.

இதை நான் ஒருநாள் நோர்வூட் பாடசாலையில் கணினி படிப்பிக்கும் லோஜனா டீச்சரிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்பது வருடமாக இங்கே பணியாற்றுகிறார், தாங்கள் அறிவீர்கள். அவர்தான் தங்கள் அனுமதியோடு பத்திரிகையின் இணையத்தளத்தில் இதற்கென்று ஒரு பக்கத்தை உருவாக்கினார். தோட்டத்தில் மரணம் நேர்ந்தால் அங்குள்ள தலைவர் ஓர் இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார். அது ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் கணினிகளுக்குப் போகும். அங்கிருந்து நம் பக்கத்தின் விலாசத்துக்கு அனுப்பி வைக்கப்படும். நம் பக்கம் அதை வாங்கி, அந்தத் தோட்டத்தின் பேரில் பதிந்து வைத்திருக்கும் எல்லாக் கைத்தொலைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

நடுவிலுள்ள அந்தக் கணினிகளுக்கு மேகம் என்று பெயராம். மேகம் எனக்குப் புதிதல்ல. பின்னேரம் மூன்று மணிக்கு அது எங்கள் வீட்டு முன்னறைக்குள்ளேயே வந்து உட்காரும். அதை நம்பி ஒரு துவாய்கூடக் காயப்போடமாட்டோம், மரணச் செய்தியைக் கொடுப்பதா என்று டீச்சரிடம் கேட்டேன்.

“பேருக்குத்தான் மேகம் ஐயா. சிங்கப்பூரில ஒரு கட்டடத்துக்குள்ள இருக்கிற மெசினுகள். எங்கட பக்கத்தை விட அதுகள் கவனம். குடுத்ததைத் துலைக்காது” என்றார்.

அது உண்மைதான் என்பதை இப்போது நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

தவறு நடந்த இடத்துக்கு வருகிறேன். ஜூலை மாதக் கடைசியில், ஹட்டன் பிரதான வீதியிலுள்ள இன்டர்நெட் கடையில் டீச்சர் எனக்கு அந்தப் பக்கம் வேலை செய்வதைக் காட்டினார். சோதனைக்காக ஒரு பொய் மரணத்தை அனுப்பினோம். மேகத்திலிருந்து செய்தி வந்து விழுந்தது. விழுந்த கையோடு நம் பக்கம் மேகத்துக்கு ஒரு பதில் அனுப்பியது. திரையில் பார்த்தேன்: “கிடைத்தது. மிக்க நன்றி.”

ஐயா, நான் பிறந்தது தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில். என் தகப்பனார் கிறிஸ்தவராக இருந்தாலும் லயத்துச் சாவுகளுக்கான வழக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். கேதம் சொல்ல ஒருவர் வந்தால் அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார். வாங்க என்று சொல்லக்கூடாது, போயிட்டு வாங்க என்று சொல்லக்கூடாது, சரி என்றோ நல்லது என்றோ வாய் தவறியும் வரக்கூடாது. நன்றி என்று சொன்னவனை நான் கண்டதில்லை. அப்படியொருவன் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு அவன் வீட்டில் பச்சைத்தண்ணீர் குடித்திருக்காது. ஆகவே மரணச் செய்திக்கு நம் பத்திரிகையின் பெயரில் “மிக்க நன்றி” போவதை நான் அனுமதிக்கமுடியாது என்று டீச்சரிடம் சொன்னேன்.

“ஐயா, உது ஆக்களுக்குப் போற பதில் இல்லை. மெசின் மெசினுக்குச் சொல்லுறது. ஒருத்தரும் பாக்கமாட்டினம்.”

“இன்றைக்கு மெசின் பார்க்கும், நாளைக்கு மெசினைப் பழுதுபார்க்கிறவன் பார்ப்பான்” என்றேன்.

“அப்ப எழுத்தை எடுத்துப்போட்டு இலக்கத்தை மட்டும் விடட்டோ? அதுக்கு உண்மையில வேணுமெண்டது இருநூறு எண்ட ஒரு இலக்கந்தான். இருநூறு எண்டால் கிடைச்சுது எண்டு அர்த்தம். நன்றியை நான்தான் ஒரு மரியாதைக்குச் சேர்த்தனான்.”

அவர் மரியாதைக்காகச் சேர்த்ததை நான் மரியாதைக்காக எடுக்கச் சொன்னேன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திராது. ஆனால் செத்த வீட்டுச் செய்திக்கு இருநூறு என்று பதில் சொல்வதும் எனக்கு ஏதோ மொய் எழுதுவதுபோல் பட்டது. மௌனம் என்றால் மௌனம், ‘மரணம்’ என்று தொடங்கும் செய்திகளுக்கு நம் பக்கம் வாயே திறக்கக்கூடாது என்று உத்தரவிட்டேன்.

டீச்சர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். “பதில் சொல்லாட்டி அது திருப்பி அனுப்பும் ஐயா” என்றார்.

“அனுப்பட்டுமே. சாவுச் செய்தியை இரண்டு தடவை சொல்வதில் குற்றமில்லை” என்றேன்.

எத்தனை தடவை அனுப்பும் என்று நான் கேட்கவில்லை. முப்பத்திநான்கு வருட நிருபன், ‘எத்தனை’ என்று கேட்க மறந்தேன். இரண்டாவது கேள்விக்கான பதிலை இங்கே மறுபடியும் பதிவு செய்கிறேன்: லோஜனா டீச்சர் மீது எள்ளளவும் பிழையில்லை.

அதன்பின் பதினோரு நாள் எந்தத் தோட்டத்திலும் ஒருவரும் சாகவில்லை. சேவை அருமையாக நடப்பதாக நான் தங்களுக்கு எழுதியது அந்த நாட்களில்தான்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை அதிகாலை ஐந்து மணியளவில் மஸ்கெலியாவுக்கு மேலே கிளென்லோரன் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் சோலைமலை, வயது 68, இருமலோடு எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தோட்டத் தலைவர் அழகன் காலை 6.42க்கு விதிப்படி குறுஞ்செய்தி அனுப்பினார். கைத்தொலைபேசிகளில் தமிழ் எழுத்து இல்லாததால் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதுவதே நமது ஏற்பாடு: மரணம், சோலைமலை, கிளென்லோரன், அடக்கம் இன்று நாலு மணி. மேகம் அதை நம் பக்கத்துக்குக் கொடுத்தது. நம் பக்கம் எல்லாருக்கும் அனுப்பியது. மேகம் பதிலுக்குக் காத்திருந்தது. நம் பக்கம் என் உத்தரவுப்படி துக்கம் அனுஷ்டித்தது. ஆகவே 6.43க்கு மேகம் மறுபடியும் கொடுத்தது. நம் பக்கம் மறுபடியும் எல்லாருக்கும் அனுப்பியது. பிறகு 6.45, 6.50, 7.00, 7.20, 7.50, 8.30, அதன்பின் மணிக்கொன்று. டீச்சர் வகுப்பில் இருந்தார், அவருடைய கைத்தொலைபேசி அணைந்து பைக்குள் இருந்தது. பாடசாலை விட்டதும் அதைத் திறந்து விஷயம் அறிந்து, நோர்வூட்டில் பஸ் பிடித்து, ஹட்டன் கடைக்கு வந்து அவர் செய்திகளை நிறுத்தியபோது பிற்பகல் 2.40. பதினான்காவது செய்தி பத்து நிமிடம் முன்னதாகப் போய்விட்டிருந்தது.

நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது காலை ஒன்பதரைக்கு. அங்கே கண்டதை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன்.

கிளென்லோரனில் இரண்டு சோலைமலைகள். கீழ்ப்பிரிவில் காலமானவர் ஒருவர். மேற்பிரிவில் காவலுக்கு வாச்சராக இருந்து ஓய்வுபெற்ற இன்னொருவர், வயது 71, கல்லுப்போல இருக்கிறார். முதற் செய்தியைப் பார்த்தவர்கள் கீழே போனார்கள். ஒரு நிமிடத்தில் இரண்டாவது வந்ததும், அடடே மத்தவரும் போயிட்டாரு என்று முடிவுகட்டி மேலே போனார்கள். வாச்சர் சோலைமலை வாசலில் உட்கார்ந்து ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஆறு பேர் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு படியேறி வந்திருக்கிறார்கள். அவரைக் கண்டதும் அழுகை நின்றுவிட்டது. ஆனால் வந்த கோபம் நிற்கவில்லை.

“ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம், நீங்க ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கீங்க” என்றாராம் சம்பந்தியம்மாள்.

“வேற என்னத்தத் திங்கச் சொல்றீங்க? வாய்க்கரிசியா?” என்றாராம் வாச்சர்.

நான் போனபோது அவர் சுத்தமான வேட்டி கட்டி, தலைவாரி, லயத்துக்கு முன்னால் எல்லாருக்கும் தெரியும்படி நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு செய்தி வரும்போதும் யாராவது எட்டிப் பார்ப்பதால் உட்காரவே முடியவில்லையாம்.

“பேப்பர் ஐயா, ஒரு மனுசன எத்தன தடவதான் சாகடிப்பீங்க? ஏழாவது தடவ வரைக்கும் சும்மா இருந்தேன். எட்டாவதுல எனக்கே சந்தேகம் வந்திருச்சு. பொஞ்சாதிகிட்ட என்னயக் கிள்ளிப் பாக்கச் சொன்னேன். அவ இந்த நாளுக்காக நாப்பது வருசமா காத்திருந்தவ மாதிரிக் கிள்ளிட்டா.”

முழங்கைக்கு மேலே அடையாளத்தைக் காட்டினார். நான் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது தோட்டக் காரியாலயம். தோட்டத்தில் ஒருவர் இறந்தால் பெட்டிக்குப் பலகை கொடுப்பதும், குழிவெட்ட இரண்டு பேரை வேலையிலிருந்து விடுவதும் நிர்வாகத்தின் நீண்டகால வழக்கம். பெரிய கிளாக்கர் சிங்களவர், மிக நேர்மையானவர். அவருடைய கைத்தொலைபேசியும் நம் பதிவில் இருக்கிறது. அவர் முதற் செய்திக்கு ஒரு பெட்டிப் பலகையும் இரண்டு ஆட்களும் கொடுத்தார். இரண்டாவதற்கும் கொடுத்தார். மூன்றாவதற்கும் கொடுத்தார். நான்காவது வந்தபோது பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்து, தம் தோட்டத்தில் இருப்பதே இரண்டு சோலைமலைகள் என்பதைக் கண்டுபிடித்தார்.

“பத்திநாதன் மாத்தயா, நம்ம கிட்ட சோலைமலே ரெண்டுதானே இருக்கு” என்று என்னிடம் கவலையோடு கேட்டார். “மூணாவது ஆள் யாரு? அவருக்கு நான் பலகை குடுத்திட்டேன்.”

ஆக, மயானத்தில் ஆறு பேர் நின்று மூன்று குழிகள் வெட்டி முடித்திருந்தார்கள். வெட்டியவர்களைக் குறைசொல்ல முடியாது, நல்ல ஆழம். தப்படிக்கும் கூட்டமும் இரண்டு வந்திருந்தது. ஒன்று மஸ்கெலியாவிலிருந்து, மற்றது நோர்வூட்டிலிருந்து. யார் முதலில் வந்தது என்று அவர்கள் வாயால் தீர்க்கமுடியாமல் தப்பாலேயே தீர்த்துக்கொண்டிருந்தார்கள். காலமான சோலைமலையின் மனைவி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “அந்த மனுசன் உசுரோட இருக்கையில ஒரு கூட்டத்துக்கும் போகமாட்டாரு, இப்ப பாருங்க” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அழகன் தலைவருக்கு நான் நடந்ததை விளக்கினேன். மேகம், பக்கம், பதில், மௌனம் என்று எனக்கு விளங்கிய மட்டும் சொன்னேன். அவருக்கு என்னைவிட வேகமாக விளங்கியது.

“இதுல என்னங்க இருக்கு? பெரட்டுதானே” என்றார். “காலையில கணக்கப்பிள்ள பேரு கூப்பிடுறாரு. நம்ம ‘இருக்கேங்க’ன்னு சொன்னா அடுத்த பேருக்குப் போயிருவாரு. சொல்லலேன்னா திரும்பத் திரும்பக் கூப்பிடுவாரு. நீங்க அவரு வாயில இருந்து வந்த பேரக் கேட்டுட்டு, பதில் சொல்லாம, ஊரு பூரா போயி அந்தப் பேரச் சொல்லிட்டு வந்திருக்கீங்க.”

இதைவிடத் தெளிவாக இந்தத் தொழில்நுட்பத்தை எனக்கு யாரும் சொன்னதில்லை.

நாலு மணிக்கு அடக்கம் என்று சொல்லியிருந்தோம். ஆனால் வெட்டிய குழியைச் சும்மா விடக்கூடாது என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். வெறுங்குழி ஆள் தேடும் என்பார்கள். ஆகவே மிச்சமிருந்த இரண்டு குழிகளுக்குள்ளும் வாழைத்தண்டு வைத்து மூடிவிட்டுத்தான் மூன்றாவதில் அடக்கம் செய்யமுடியும். அந்த உயரத்தில் வாழை கிடையாது. வாழைத்தண்டுக்கு மஸ்கெலியாவுக்குக் கீழே ஆள் போகவேண்டியதாயிற்று. ஒரு இளந்தாரி வாச்சர் சோலைமலையைப் பார்த்து, “ஒண்ண மட்டும் மூடாம வைங்க, அப்பறம் ஒதவும்” என்றான். “வைங்கடா, உன் அளவுக்குப் பாத்துச் சரிபண்ணிக்கிறேன்” என்றார் அவர். வாழைத்தண்டு வந்து, எந்த இரண்டை மூடுவது என்று பெரியவர்கள் பேசி, மூடி முடிய மாலை ஐந்தரை.

இனி நான் சொல்லப்போவதைத் தங்கள் மூன்றாவது கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்ளவேண்டும்.

சோலைமலைக்கு ஒரே மகள், லெட்சுமி. கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையல் வேலை. இரண்டு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. தகப்பனோடு ஏதோ மனத்தாங்கல், அதை நான் விசாரிக்கவில்லை. காலையில் அழகன் அவளுக்குத் தொலைபேசியில் இரண்டு தடவை கோல் எடுத்துப் பார்த்தார். வேலை நேரத்தில் அந்த வீட்டில் கோல் எடுக்கக்கூடாது. கைத்தொலைபேசி சத்தமில்லாமல் குசினித் தட்டில் கிடந்தது. நம் செய்தி போனது. ஆனால் லெட்சுமிக்கு வாசிக்கத் தெரியாது. அவளுக்குக் குறுஞ்செய்தி என்றால் தொலைபேசிக் கம்பனிகள் பாட்டு வாங்கச் சொல்லி அனுப்புவது. வந்ததை அழிக்கமட்டும் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதல் எட்டையும் அவள் தேங்காய் துருவிக்கொண்டே அழித்துவிட்டாள்.

ஒன்பதாவது 9.30க்கு வந்தது. அப்போது வாசலில் மீன்காரர். இந்தப் பாட்டுக் கம்பனி இன்றைக்கு ஏன் இப்படி உயிரை வாங்குகிறது என்று கைத்தொலைபேசியை அவரிடம் நீட்டினாள். அவர் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர். ஆங்கில எழுத்துக்களைக் கூட்டி வாசிப்பார். அவருக்கு எழுத்துத் தெரியும், அந்தத் தமிழ் தெரியாது. அவளுக்குத் தமிழ் தெரியும், எழுத்துத் தெரியாது. சைக்கிள் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, தான் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல், அந்த மனிதர் அவளுடைய தகப்பன் இறந்ததை ஒவ்வொரு எழுத்தாக அவளுக்கு வாசித்துச் சொல்லியிருக்கிறார். அவள் அழத் தொடங்கியதும் பயந்துபோய், தான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டாராம். விஷயம் விளங்கியதும் சைக்கிளை அங்கேயே சாத்திவைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து அவளைப் புறக்கோட்டையில் ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

லெட்சுமி கிளென்லோரன் மயானத்துக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஐந்து பத்து. சொன்னபடி நாலு மணிக்கு அடக்கம் நடந்திருந்தால் மண்மேட்டைத்தான் பார்த்திருப்பாள். இரண்டாவது குழிக்குள் வாழைத்தண்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டி இன்னும் திறந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தாள். தகப்பனின் தாடையில் கையை வைத்து, “யார்ப்பா ஒனக்கு இப்பிடிச் சவரம் பண்ணுனது, பாதிய விட்டுட்டாங்களே” என்றாள். அதற்குப் பிறகு சொன்னதை நான் குறிக்கவில்லை.

ஐயா, முப்பத்திநான்கு வருடத்தில் நான் அனுப்பிய ஒரு மரணச் செய்தி, நேரத்துக்கு ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் கண்டது இதுவே முதல் தடவை.

இனி இப்படி நடக்காமலிருக்கச் செய்தவற்றைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். ஒவ்வொரு செய்திக்கும் மேகம் ஒரு தனி இலக்கம் கொடுத்தே அனுப்புகிறது. டீச்சர் இப்போது அந்த இலக்கத்தைக் குறித்துவைக்க ஏற்பாடு செய்திருக்கிறார். ஏற்கெனவே வந்த இலக்கம் மறுபடி வந்தால் நம் பக்கம் அதை யாருக்கும் அனுப்பாது, பதிலைமட்டும் சொல்லும். மரணம் உட்பட எல்லாச் செய்திக்கும் இருநூறு என்றே பதில் போகும், நன்றி கிடையாது. அந்த இலக்கத்தைப் பற்றிய என் ஆட்சேபத்தை நிபந்தனையின்றி வாபஸ் வாங்குகிறேன். நேற்று ஒன்பது தடவை சோதித்தோம், ஒன்பது தடவையும் ஒரே ஒரு செய்திதான் போனது. ஒருவர் காலமானால் ஒரு தடவைதான் காலமாவார் என்று இதன்மூலம் எழுத்தில் உறுதியளிக்கிறேன். வாச்சர் சோலைமலையிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. மேலதிகப் பலகையைப் பெரிய கிளாக்கர் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆகவே சேவையைத் தொடர அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் அந்தோனியாரும் தங்கள் முருகனும் தங்களையும் தங்கள் வீட்டாரையும் பத்திரிகையையும் ஒரு குறையுமின்றிக் காத்தருளவேண்டும். உதவி ஆசிரியர்களுக்கு என் அன்பைச் சொல்லவும்.

தங்கள் உண்மையுள்ள,
பத்திநாதன்
ஹட்டன் பிரதேச நிருபர்

பிற்குறிப்பு: இதை உறையிலிட்டு ஒட்டும் நேரத்தில் லெட்சுமி வீட்டுக்கு வந்தாள். நேற்று எட்டாம் நாள் படையல் முடிந்து, இன்று கொழும்புக்குத் திரும்புகிறாள். மார்கிரட் தேத்தண்ணி கொடுத்தார். நானும் பெருமையாக, இனிமேல் செய்தி ஒரே தடவைதான் வரும், தொந்தரவு இருக்காது என்று சொன்னேன். அவள் கிளாசைக் கீழே வைத்துவிட்டாள்.

“யாருங்க தொந்தரவுன்னு சொன்னது? அப்பாவுக்கு ஒம்பது தடவ சொன்னதாலதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. அம்மா தனியா இருக்காங்க, அவங்களுக்கும் நெஞ்சு சரியில்ல. அவங்களுக்கு ஒருக்காத்தான் சொல்லுவீங்கன்னா நான் தேங்காயத் துருவிக்கிட்டே அழிச்சிருவேனே. எங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு தெரியிற வரைக்கும் அனுப்புங்கய்யா.”

தெரிந்துவிட்டது என்று எங்களுக்கு எப்படித் தெரியும், உனக்குத்தான் எழுதத் தெரியாதே என்று கேட்டேன்.

“மிஸ்ட் கோல் குடுக்கத் தெரியும்” என்றாள்.

உடனே லோஜனா டீச்சருக்குக் கோல் எடுத்தேன். இடைவேளை நேரம். அவர் லெட்சுமி சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு, “ஐயா, இது நான் யோசிச்சிருக்கவேண்டியது” என்றார். “மெசின் மெசினுக்குப் பதில் சொன்னால் மெசினுக்குக் கிடைச்சுது எண்டுதான் அர்த்தம். ஆக்களுக்குக் கிடைச்சுது எண்டு இல்லை. மேகத்துக்கு நாங்கள் உடனே இருநூறு சொல்லிப்போடுவம். ஆனா எந்த நம்பரில இருந்து மிஸ்ட் கோல் வரேல்லையோ, அந்த நம்பருக்கு மட்டும் திருப்பித் திருப்பி அனுப்புவம். ரெண்டு நாள் தாங்கோ.”

ஆகவே ஐயா, மேலே நான் எழுத்தில் கொடுத்த உறுதியைத் தயவுசெய்து அடித்துவிடவும். ஒருவர் ஒரு தடவைதான் காலமாவார் என்று இனிச் சொல்வதற்கில்லை. கடைசிப் பிள்ளைக்கும் தெரியும்வரை காலமாகிக்கொண்டே இருப்பார். இரண்டு சோலைமலைகள் உள்ள தோட்டங்களில் தகப்பன் பெயரையும் சேர்த்துப் போடுவோம். பெரிய கிளாக்கருக்கு முதலாவது செய்தி கிடைத்ததும் மிஸ்ட் கோல் கொடுக்கும்படி சொல்லியாகிவிட்டது.

லெட்சுமி பஸ் ஏறுமுன் பதிலைத் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்று வாசலில் நின்றாள். கொழும்பிலிருந்து தபால் வர நாளெடுக்கும், பெரியவர்களை அவசரப்படுத்தமுடியாது என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தங்களை அவமதிப்பதாக எடுத்துக்கொள்ளக்கூடாது: “அவங்களயும் ஒரு மிஸ்ட் கோல் குடுக்கச் சொல்லுங்க. குடுக்கலேன்னா திரும்ப அனுப்புங்க.”

இதன் பிரதிகள் பன்னிரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். நாளை முதல் தினம் ஒன்று தபாலில் சேர்க்கப்படும்.